சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளில் தமிழரைத் தேடுவது எப்படி?

மலாய் மாநிலமான சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (ஆலோசகர் என்ற பெயரில் மாநில நிர்வாகத்தை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி) ஆட்சி 1874-இல் தொடங்கியதையொட்டிச் சேர்ந்த அரசு அலுவலகத் தாள்களான சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கிள்ளான் வட்டாரச் சாலைக் கூலிகளைப் பற்றி அவற்றில் தேடி நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடிக் கோப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஆண்டு இல்லாத எண்ணால் பயனில்லை.

நான் தடுக்கி விழுந்தது தேடுசொல்லில்தான். பட்டியல் தேடுவது கோப்பின் தலைப்பை மட்டுமே. தலைப்போ அன்றைய எழுத்தரின் சொல்லில் இருக்கும். 'தமிழ்' என்று மட்டும் தேடி ஒரு நாளை வீணாக்கிய பிறகுதான், 'கிளிங்', 'மெட்ராஸ்', 'செட்டி', 'கூலி' ஆகியவற்றையும் தேட வேண்டும் என்று புரிந்தது. தென்னிந்தியரைக் குறித்த 'கிளிங்' இன்று இழிசொல். ஆயினும் அதைத் தவிர்த்தால் நம்மவரில் பலர் கண்ணில் படமாட்டார்கள். பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முதல் ரெசிடென்ட் டேவிட்சனுடன் 1875-இல் வந்து கருவூலத்தில் பணியாற்றிய தம்புசாமிப் பிள்ளையின் பெயரில் 'பு' என்பதற்கு ஒரு 'யு' வரலாம், இரண்டு 'ஓ' வரலாம். 'பிள்ளை'யின் இறுதி எழுத்து 'ஐ' ஆகவும் 'ஒய்' ஆகவும் இருக்கலாம்.

கோப்பு கைக்கு வந்ததும் அதிலுள்ள மனுவோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் கீழும் அடுத்த தாள்களிலும் அதிகாரிகள் தேதியிட்டுச் சுருக்கொப்பத்துடன் எழுதிய குறிப்புகளே உயிரான பகுதி. 'பி.ஆர்.' என்பது ரெசிடென்ட்; 'டி.ஓ.' என்பது மாவட்ட அதிகாரி. ஒருமுறை பொறியாளரின் பரிந்துரையை அரசாங்க முடிவென்று நம்பி எழுதிவிட்டேன்; இரண்டு தாள் தள்ளி ரெசிடென்ட் அதை மறுத்திருந்தார். சம்பளம் ஏன் உயரவில்லை, யார் செலவுக்கு அஞ்சினார் என்பதெல்லாம் இந்தக் கிறுக்கெழுத்தில்தான் தெரியவருகிறது. இக்குறிப்புகளைப் பதிந்துவைக்க, தேதி, எழுதியவர், யாருக்கு, சாரம் என நான்கு பத்திகள் கொண்ட எக்செல் தாளையே நான் விரும்புகிறேன். தேதிவாரியாக அடுக்கினால் உரையாடல் தானே ஒழுங்காகிவிடும்.

சம்பளக் கணக்கில் வரும் டாலரை அமெரிக்க நாணயமாக எண்ண வேண்டாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் 1903-இல் வரும்வரை இங்கே பெரிதும் புழங்கியது மெக்சிகோ வெள்ளி நாணயம். ரிங்கிட்டை நாம் இன்றும் 'வெள்ளி' என்கிறோம் அல்லவா?

பின்சேர்க்கை: தாம் பார்த்த கோப்பு 1897-இல் முடிவில்லாமல் நின்றுவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். 1896 ஜூலையில் சிலாங்கூரும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்கள் அமைந்த பின், முக்கியமான விவகாரங்கள் அம்மாநில ரெசிடென்ட்டுகளுக்கு மேலதிகாரியான ரெசிடென்ட் ஜெனரலிடம் சென்றன. ஆகையால் கடைசிக் குறிப்பில் அவருக்கு அனுப்பிய கடிதத்தின் எண் இருக்கிறதா என்று பார்த்து, அவரது அலுவலகக் கோப்புகளில் தேடலைத் தொடருங்கள்.