கேமரா பை, ஸ்ட்ராப், பெட்டி: எங்கே தவறுகிறோம்?

பைக்குள் இருந்த கேமரா கீழே விழுவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நடக்கிறது. லென்ஸ் மாற்றியவர் மூடியைக் கவிழ்த்து வைத்திருப்பார், ஜிப்பை இழுத்திருக்க மாட்டார். தாலி கட்டும் நேரம் வந்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டதும் கைப்பிடியைப் பிடித்துப் பையைத் தூக்குவார். மூடி திறந்துகொள்ளும், கேமரா தரையில் கிடக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையானாலும் இப்படித் தூக்கினால் காப்பாற்றாது.

அதனால் கடையில் "இதில் எத்தனை லென்ஸ் வைக்கலாம்?" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். பையைப் பார்க்காமல், ஒரே கையால் முழுதாக மூட முடிகிறதா? மூலை திரும்பும் இடத்தில் ஜிப் சிக்கினால் அவசரத்தில் அந்தப் பை மூடப்படாது, அவ்வளவுதான். தோள் பை என்றால் மூடி உடம்புப் பக்கமாக இல்லாமல் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் கை நேராக உள்ளே போகும், மூடி குறுக்கே நிற்காது. பை முழுக்கத் திறந்திருக்கலாம், முழுக்க மூடியிருக்கலாம். பாதி மூடியது என்ற நிலையே இருக்கக் கூடாது.

அளவு பார்ப்பதில் வரும் தவறுகள்

"நாளைக்கு இன்னொரு லென்ஸ் வாங்குவோம், பெரிதாகவே எடுத்துவிடலாம்" என்ற நினைப்புதான் முதல் தவறு. பெரிய பையில் காலியிடம் இருந்தால் பொருட்கள் ஒன்றோடொன்று இடிக்கும். காலியிடம் இல்லையென்றால் தோள் தாங்காது. திருமண வேலைக்கான ஒரு கணக்கு: ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) இரண்டு, தலா சுமார் 660 கிராம். 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் சுமார் 700 கிராம். புதிய 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் (உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் காலத்து 70-200 என்றால் ஒன்றரைக் கிலோ). ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ் அரைக் கிலோ, பேட்டரியோடு இரண்டு ஃபிளாஷ் ஒரு கிலோ, உதிரி பேட்டரி ஆறு சேர்ந்து அரைக் கிலோ. பையின் சொந்த எடையே இரண்டு கிலோ வந்துவிடும். மொத்தம் ஏழு கிலோ. ட்ரைபாடும் தண்ணீர் பாட்டிலும் இன்னும் கணக்கில் சேரவில்லை. அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கொள்ளும் பைதான் சரியான பை. மீதியை வைக்க வீட்டில் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, விளம்பரத்தில் வெளி அளவைப் பார்த்து வாங்குவது. சுவர் ஒவ்வொன்றிலும் ஒரு செ.மீ. திண்டு இருந்தால் உள்ளே இரண்டு செ.மீ. குறையும். சிறிய ஸ்லிங் பைகள் பலவற்றின் உள் ஆழம் 10 முதல் 12 செ.மீ.தான். சோனி ஏ7 4-ன் உயரம் 9.6 செ.மீ., அதில் அடங்கிவிடும். கேனான் 5டி மார்க் 4 கிட்டத்தட்ட 11.6 செ.மீ., இறுக்கமாகத்தான் போகும். அடியில் பேட்டரி கிரிப் (கூடுதல் பேட்டரி வைக்கும் பிடி) மாட்டினால் எதுவும் அடங்காது. லென்ஸை அளக்கும்போது ஹுட்டை (லென்ஸின் முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பை) தலைகீழாக மாட்டி அளக்க வேண்டும், ஏனென்றால் பைக்குள் அது அப்படித்தான் இருக்கப்போகிறது. 88 மி.மீ. குறுக்களவுள்ள லென்ஸ், ஹுட்டோடு சேர்ந்து 10 செ.மீ.யைத் தாண்டிவிடும்.

லென்ஸ் மாட்டியபடியே கேமராவை வைப்பவர்கள் தடுப்புகளை அமைக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். லென்ஸ் கீழ்நோக்கி இருக்கும்போது பாடியின் இரு தோள்களும் தடுப்புகளின் மேல் உட்கார வேண்டும். தடுப்பு உயரம் குறைவாக இருந்தால் பாடியின் எடை முழுவதும் லென்ஸின் முனையில் இறங்கி, ஒவ்வொரு குலுக்கலிலும் லென்ஸ் பாடியோடு சேரும் மவுண்டை அழுத்தும்.

ஸ்ட்ராப்

கேமராவோடு வரும் ஸ்ட்ராப் பலமில்லாதது என்று நினைப்பவர்கள் உண்டு. அது பலமானதுதான். கோர்க்கும் விதம்தான் தவறாகப் போகிறது. வாரின் நுனியை முதலில் சிறிய வளையத்துக்குள் விட்டு, கேமராவின் கொக்கி வழியாக வெளியே எடுத்து, மறுபடி அதே வளையத்துக்குள் கொண்டுவந்து, பிறகு பக்கிளுக்குள் விட வேண்டும். நுனி, வாருக்கு அடியில் உள்பக்கமாக முடிய வேண்டும். வெளியே தொங்கும் நுனி சட்டையில் உரசி உரசி இளகும். ஐந்து செ.மீ.யாவது மிச்சம் விடுங்கள். மாட்டி முடித்ததும், மெத்தைக்கு மேலே பிடித்துக்கொண்டு, நன்றாக இழுத்துப் பாருங்கள்.

கழுத்தில் தொங்கவிடுவது ஒரு கிலோ வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் குறுக்கே போட்டுக்கொள்ளும் ஸ்லிங் ஸ்ட்ராப்தான் நல்லது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இவற்றில் பல, பாடியின் அடியில் இருக்கும் கால் அங்குல ட்ரைபாட் துளையில் ஸ்க்ரூவாக முறுக்கப்படுபவை. நடக்க நடக்க கேமரா ஆடித் திரும்பும், ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். ரப்பர் வாஷர் இல்லாமல் மாட்டவே கூடாது. வேலை தொடங்கும் முன் ஒரு முறை, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு முறை விரலால் முறுக்கிப் பார்க்க வேண்டும். இதோடு கேமராவின் பக்கக் கொக்கிக்கு ஒரு தனிக் கயிறும் போட்டுவிட்டால், ஸ்க்ரூ கழன்றாலும் கேமரா தொங்கும், விழாது.

ட்ரைபாட் காலர் (ட்ரைபாடில் பொருத்த லென்ஸைச் சுற்றி இருக்கும் வளையம்) உள்ள கனமான லென்ஸை மாட்டியிருக்கும்போது ஸ்ட்ராப்பை பாடியில் போடுவது பெரிய தவறு. லென்ஸின் எடை முழுவதையும் மவுண்டில் இருக்கும் நான்கைந்து சின்ன ஸ்க்ரூக்கள் தாங்க வேண்டியிருக்கும். காலரில் மாட்டுங்கள். காலரின் அடிப்பாகத்தை லென்ஸோடு இணைக்கும் ஸ்க்ரூவும் இளகக்கூடியதுதான், அதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய கயிற்று வளையத்தால் சட்டென்று கழற்றி மாட்டும் ஸ்ட்ராப்கள் இப்போது நிறையப் பேரிடம் இருக்கின்றன. வசதியானவைதான். ஆனால் கூர்மையான உலோக வளையத்தில் கயிறு உரசினால் தேயும். நல்ல தயாரிப்புகளில் மேலுறை தேய்ந்ததும் உள்ளே வேறு நிற நூல் தெரியும்படி வைத்திருப்பார்கள். அந்த நிறம் தெரிந்த அன்றே கயிற்றை மாற்ற வேண்டும். விலை குறைந்த நகல்களில் இந்த அடையாளம் இல்லாமல் போகலாம், அறுந்த பிறகுதான் தெரியவரும்.

இன்னொன்று, மேசை விளிம்பில் ஸ்ட்ராப்பைத் தொங்கவிட்டபடி கேமராவை வைக்காதீர்கள். குழந்தைகள் ஓடும் மண்டபத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

கெட்டியான பெட்டி எல்லாவற்றுக்கும் தீர்வா?

பெலிகன் நிறுவனத்துடையவை மாதிரியான கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகள் தண்ணீர், தூசி, வீழ்ச்சி மூன்றையும் தாங்கும். லாரியிலோ வேனிலோ போகும் கருவிகளுக்கு அதுவே சரி. விமானத்தில் கையோடு கொண்டுபோகத்தான் கணக்கு இடிக்கும். இந்திய உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை எடை பொதுவாக 7 கிலோ. இண்டிகோவில் அளவு 55×35×25 செ.மீ. பலரும் வாங்கும் பெலிகன் 1510, ஃபோமோடு சேர்ந்து வெறும் பெட்டியாகவே ஆறு கிலோவைத் தொடுகிறது. நீளமும் 55 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும். ஒரு பாடியும் ஒரு சின்ன லென்ஸும் வைத்தாலே எடை வரம்பு முடிந்தது. பெலிகனின் எடை குறைந்த ஏர் வரிசையில் 1535 சுமார் நான்கு கிலோ. ஒன்றரைக் கிலோ பேக்பேக்கோடு ஒப்பிட்டால் அதுவும் கனம்தான்.

உதிரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். வோல்ட்டையும் ஆம்ப்-மணியையும் பெருக்கினால் இந்த எண் வரும். சோனி என்பி-எஃப்இசட்100 பேட்டரி 7.2 வோல்ட், 2280 மில்லிஆம்ப்-மணி, அதாவது 16.4 வாட்-மணி. சாதாரண கேமரா பேட்டரிக்குக் கவலை வேண்டாம். பெரிய வீடியோ விளக்குகளுக்கான பேட்டரிகளில்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் முனைகளையும் மூடி போட்டோ டேப் ஒட்டியோ மறைத்துவிடுங்கள். சாவிக்கொத்தோடு பையின் முன்னறையில் கிடக்கும் பேட்டரி ஷார்ட் ஆக ஒரு சாவி போதும்.

பெட்டிக்குள் வரும் சதுரம் சதுரமாகப் பிய்க்கும் ஃபோமில், பொருளைவிடச் சற்றுக் குறைவாக இடம் எடுத்தால்தான் இறுகப் பிடிக்கும். இரண்டு பொருட்களுக்கு நடுவே இரண்டரை செ.மீ. சுவராவது மிஞ்ச வேண்டும். கருவிகளை அடிக்கடி மாற்றுபவர் இந்த ஃபோமை வாங்குவதே வீண். வெல்க்ரோ தடுப்பு உள்ள பதிப்பை எடுக்கலாம்.

ஈரம்: பையே எதிரியாகும் இடம்

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் கேமரா பையின் மிகப் பெரிய தவறு, அதையே அலமாரியாக வைத்துக்கொள்வது. லென்ஸில் ஃபங்கஸ் (பூஞ்சை) பிடிக்க ஈரப்பதம், இருட்டு, காற்றோட்டம் இல்லாமை மூன்றும் உதவுகின்றன. ஜிப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய பையில் மூன்றும் இருக்கின்றன. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து தொடங்குகிறது. தோல் உறை இன்னும் மோசம், ஈரத்தையும் பிடிக்கும், பூஞ்சைக்குத் தீனியும் ஆகும். நியோபிரீன் லென்ஸ் உறைகள் பயணத்துக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் லென்ஸை வெளியே எடுத்துவிடுங்கள்.

பைக்குள் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டுவிட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. துணிப் பை காற்றை அடைப்பதில்லை, அதனால் ஜெல் வெளிக்காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சும், விரைவிலேயே நிரம்பிவிடும். அது வேலை செய்ய வேண்டுமென்றால் ரப்பர் விளிம்புள்ள, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா வேண்டும். பத்து லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் அளவில் ஜெல் போட்டு, ஈரப்பதத்தை அளக்கும் ஒரு சிறிய ஹைக்ரோமீட்டரும் வையுங்கள். முள் 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் நல்லது. 30-க்குக் கீழே போக விட வேண்டாம், ரப்பரும் உள்ளிருக்கும் கிரீஸும் வறண்டுபோகும். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் நீல நிற வகையில் கோபால்ட் சேர்மம் இருக்கிறது. அதைச் சமையல் வாணலியில் வறுக்கவே கூடாது. கருவிகள் அதிகம் என்றால் ஈரப்பதத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின்சார டிரை கேபினட் (அலமாரி) வாங்குவதே நிம்மதி.

ஜெல்லுக்குப் பதிலாக அரிசி வேண்டாம், அதன் மாவுத்தூசி எல்லா இடுக்கிலும் போகும். பூச்சிக்காகப் பையில் பாச்சை உருண்டையோ கற்பூரமோ போடுவதும் வேண்டாம். கேமராக் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன.

பை உண்மையில் உதவும் ஓர் இடம் உண்டு. ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெயிலுக்கு வரும்போது குளிர்ந்த கண்ணாடியில் நீர் படியும். கேமராவை மூடிய பைக்குள்ளேயே இருபது முப்பது நிமிடம் விட்டுவிட்டு எடுத்தால் படியாது.

இருசக்கர வாகனமும் மழையும்

ஸ்கூட்டரின் கால் வைக்கும் தளத்திலோ பைக்கின் டேங்க் மீதோ பையை வைத்தால் அதிர்வு நேராக லென்ஸுக்குப் போகும். லென்ஸுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள் நாளடைவில் இளகும். அதிக சக்தியுள்ள பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. முதுகில் மாட்டினால் உடம்பே அதிர்வைக் குறைத்துவிடும். மார்புப் பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், வளைவில் பை பக்கவாட்டில் சரியாது. முதுகுப் பக்கமாகத் திறக்கும் பேக்பேக் இதற்குப் பொருத்தம். பேருந்து நெரிசலில் பின்னால் நிற்பவர் கை வைக்க முடியாது. தரையில் படுக்க வைத்துத் திறக்கும்போது முன்பக்கம்தான் மண்ணைத் தொடும், முதுகில் படும் பகுதி சுத்தமாகவே இருக்கும்.

நீர்ப்புகாத் துணி என்று எழுதியிருந்தாலும் தையல் ஓட்டைகளும் ஜிப்பும் நீர்ப்புகாதவை அல்ல. ரெயின் கவரும் முதுகுப் பக்கத்தை மூடாது. சட்டையில் வழியும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். அடைமழைக்காலத்தில் பாடியையும் லென்ஸையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டுப் பைக்குள் வைப்பது மலிவான காப்பு. ரெயின் கவரின் அடியில் வடிகால் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் தண்ணீர் அங்கேயே தேங்கும். நனைந்து வீட்டுக்கு வந்ததும் தடுப்புகள் அத்தனையையும் கழற்றி, பையை மின்விசிறிக்கு அடியில் திறந்து போட வேண்டும். மேல்துணி காய்ந்த பிறகும் உள் ஸ்பாஞ்சில் ஈரம் இருக்கும். ஒரு முழு நாள் விடுங்கள்.

கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் ஜிப் பற்களில் மணலும் உப்பும் ஏறியிருக்கும். பையைக் காலி செய்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நல்ல தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, காயவிட்டு, மெழுகுவர்த்தியை ஒரு முறை பற்களின் மேல் ஓட்டுங்கள். எண்ணெய் விட வேண்டாம், அடுத்த முறை மணல் அதில்தான் ஒட்டும்.