கிறிஸ்துமஸ் ஜவுளிக்கு முன் பீரோவைத் திறங்கள்

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே, டிசம்பர் மாதத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று உடைகளை எடுத்துவிட்டுப் பிறகு வைக்க இடமில்லாமல் தவிக்கும் வழக்கம் கொங்குப் பகுதியின் சபைக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. எங்கள் வீடும் அதற்கு விலக்கன்று.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளியது. கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு வருகைக்கால ஞாயிறுகளில் முதல் ஞாயிறன்று மாலை, கடைக்குப் போவதற்கு முன்பே, பீரோவிலுள்ள துணிகள் அனைத்தையும் கட்டிலில் எடுத்துப் போட்டு, கடந்த ஓராண்டில் ஒருமுறைகூட உடுத்தாதவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். இரண்டு அங்கிகளை உடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று யோவான் ஸ்நானகன் சொன்னதை (லூக்கா 3:11) அந்தக் குவியலுக்கு முன்னால் நின்று வாசித்தால், பிள்ளைகளுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படுவதில்லை. பிரித்தவற்றைத் துவைத்து, விழுந்த பொத்தான்களைத் தைத்து, இஸ்திரி போட்டே கொடுங்கள். கிழிந்ததைத் தள்ளிவிடுவதற்குப் பெயர் தானமன்று.

அதன்பின் ஆளுக்கு ஓர் உடை மட்டும் எடுத்து, மிச்சமாகும் பணத்தில் சென்னிமலைப் போர்வைகள் வாங்கினால், மார்கழிக் குளிரில் வாசல் திண்ணையில் படுத்துறங்கும் முதியவர்களுக்கு அவை உதவும். நெசவாளருக்கும் வேலை கிடைக்கும். வீட்டு ஜெபக் கூட்டத்துக்குக்கூட வாடகை நாற்காலிகள் எதற்கு? முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் நாற்காலி போட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பவானி ஜமுக்காளத்தை விரித்துவிடலாம்.