ஆப்பிரிக்க இசை பற்றி ஆய்வுக் கட்டுரை அனுப்பப் போகிறீர்களா?

சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்வது என் வேலை. ஆப்பிரிக்க இசை பற்றிய கட்டுரை வந்தால் நான் முதலில் தேடுவது வாசித்தவரின் பெயரை. மேற்கோள் காட்டப்பட்ட பேராசிரியர்கள் எல்லாருக்கும் பெயர் இருக்கும். மணிக்கணக்கில் வாசித்துக் காட்டியவர் மட்டும் 'ஒரு கிராமியக் கலைஞர்' என்று நிற்பார். இது எனக்குத் தாங்காத விஷயம்.

ஆகவே களத்திலேயே கவனியுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் யார், எந்த வாத்தியம், எந்த ஊர், என்ன தேதி, யாரிடம் கற்றார் என்பதைக் குரலாகவே பதிந்துவிடுங்கள். பெயரை அச்சில் போடலாமா, பதிவை இணையத்தில் ஏற்றலாமா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சம்மதித்தவர் இன்னொன்றுக்கு மறுக்கலாம். அரசு அனுமதி வேறு. உகாண்டாவில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, பிறகு தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலில் பதிய வேண்டும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

கிளம்புமுன் பழைய பதிவுகளைக் கேட்டுவிடுங்கள். இசை ஆய்வாளர் ஹியூ டிரேசி 1954-இல் தொடங்கிய சர்வதேச ஆப்பிரிக்க இசை நூலகம் இப்போது தென்னாப்பிரிக்காவின் மகாண்டாவில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் 'ஆப்பிரிக்கன் மியூசிக்' இதழும் அதே வயதுதான். பழைய இதழ்களை இணையத்திலேயே படிக்கலாம். உகாண்டா என்றால் இசை ஆய்வாளர் கிளாஸ் வாக்ஸ்மன் செய்த பதிவுகளின் நகல்கள் கம்பாலாவின் மகரேரே பல்கலைக்கழகத்தில் உள்ளன. இவை 1966-க்கு முந்தையவை என்பது முக்கியம். அந்த ஆண்டு மே மாதம், உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டா அரசின் மன்னருடைய மெங்கோ அரண்மனை ராணுவத்தால் தாக்கப்பட்டது; அரண்மனை இசைக்குழுக்களும் சிதறிப்போயின.

அடுத்தது இசைக்குறிப்பு. நல்ல கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான். புகாண்டாவின் அமாடிண்டா என்ற மரக்கட்டை வாத்தியத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாழைத்தண்டுகளின் மேல் 12 மரக்கட்டைகள். எதிரெதிரே இருவர் உட்கார்ந்து, ஒருவர் அடிக்கும் இரண்டு ஒலிகளுக்குச் சரியாக நடுவில் மற்றவர் ஒலி விழும்படி வேகமாக வாசிப்பார்கள். மூன்றாமவருக்கு மேல்முனையில் இருக்கும் இரண்டு சின்னக் கட்டைகள் மட்டுமே. கீழே உள்ள இரண்டு பெரிய கட்டைகளில் ஒலி விழும்போதெல்லாம் அதையே அவர் மேல்ஸ்தாயியில் திருப்பி அடிப்பார். கேட்பவர் காதில், மூவரில் யாருமே தனியாக வாசிக்காத மெட்டுகள் எழும். இசை ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் 1962-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். மூன்றையும் ஒரே வரியாகச் சேர்த்து மேற்கத்திய ஐந்து கோட்டு இசைக்குறிப்பில் எழுதினால் இந்தச் சங்கதியே காணாமல் போகும். போதாததற்கு, ஸ்தாயியைக் கிட்டத்தட்ட சமமான ஐந்து பங்காக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 240 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்) வரும்படி பிரித்திருக்கிறார்கள். பியானோவில் அந்த இடைவெளியே கிடையாது. எனவே ஆளுக்கு ஒரு வரிசையாக, 1 முதல் 5 வரை எண்களில் எழுதுங்கள். ஐந்து கோடுதான் வேண்டும் என்று மதிப்பாய்வாளர் கேட்டால் காரணம் சொல்லி மறுக்கலாம். பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

எழுத்துரு விஷயத்தையும் லேசாக விடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மொழியில் சில எழுத்துகளின் கீழே புள்ளி வரும். உயர்ந்த, தாழ்ந்த தொனிகளுக்கு மேலே கோடு வரும். டுண்டுன் முரசு பேசுவதே அந்தத் தொனிகளை வைத்துத்தான். முரசு பற்றிய கட்டுரையில் தொனிக்குறிகள் உதிர்ந்துபோனால் உங்கள் வாதமே உதிர்ந்த மாதிரி. யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்து, கூடவே ஒரு பிடிஎஃப்பும் அனுப்புங்கள். அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் ப்ரூஃப் வந்ததும் ஒவ்வொரு குறியையும் அதோடு ஒப்பிடுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு யொருபா தெரியாது.

எந்த இதழுக்கு அனுப்புவது? மேலே சொன்ன 'ஆப்பிரிக்கன் மியூசிக்' ஒன்று. கேப்டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் தி மியூசிக்கல் ஆர்ட்ஸ் இன் ஆஃப்ரிக்கா' இன்னொன்று. அனுப்பும் முன் இதழின் கடைசி சில கட்டுரைகளையாவது முழுதாகப் படியுங்கள். 'ஒரே வாரத்தில் பிரசுரம்' என்று மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் இதழ்களைத் திரும்பியும் பார்க்காதீர்கள். மதிப்பாய்வுக்கு மாதக்கணக்கில் ஆகும், அது சகஜம். எழுதியவர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாமலிருக்க அனுப்பும் கோப்பில் உங்கள் பெயரை நீக்கும்போது கோப்பின் பண்புகளிலும் ஒலிக்கோப்புகளின் பெயரிலும் நீக்கிவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஏற்கப்பட்ட பிரதியை எங்கே, எப்போது பகிரலாம் என்ற பகுதியைப் படித்துவிடுங்கள். வாசித்தவர்களுக்குப் பதிவோடு சேர்த்து அந்தப் பிரதியையும் கொடுக்க வேண்டியிருக்கும். பல ஊர்களில் பெரிய கோப்புகள் இறங்காது. மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தால் போனிலேயே கேட்டுக்கொள்வார்கள்.