மூன்று பாம்பு, ஒரே உணவு நாள்
லண்டன் வீட்டில் நான் வளர்க்கும் இரண்டு சோளப் பாம்புகளுடன் (corn snake) ஒரு பந்து மலைப்பாம்பும் (ball python) சேர்ந்ததும் மின்கட்டணம் எகிறியது. ஒரே பெட்டியில் அடைக்கவும் முடியாது, ஒன்றையொன்று விழுங்கிவிடக்கூடும். மூன்று பெட்டிகளையும் சிறிய அறைக்கு மாற்றி, அவற்றைச் சூடாக்கும் மின் வெப்பப் பாய்களைத் தெர்மோஸ்டாட்டில் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி) இணைத்தேன். அறையே கதகதப்பாக இருப்பதால் பாய்கள் ஓயாமல் எரிவதில்லை. பெட்டியின் அடியில் மரச்சீவலுக்குப் பதில் செய்தித்தாள்: அழுக்கானதை உருவிப் புதியதை விரித்தால் வேலை முடிந்தது.

உறைந்த எலிகளை மொத்தமாக வாங்குகிறேன் (ஐஸ்கிரீம் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பது மனைவியின் கட்டளை). எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் உணவு. குளிர் விட்டபின் வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியால் ஆட்டினால் சோளப் பாம்புகள் பாய்ந்து கவ்வும். மலைப்பாம்புதான் பிகு செய்யும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அது தொடாத எலி குப்பைக்குத்தான். கால்நடை மருத்துவர் கட்டணத்தைக் குறைக்க மட்டும் இன்னும் வழி அகப்படவில்லை.