வாழை நாரும் பிளாஸ்டிக்கும்: கார் கதவின் உள்தகடு மாதிரி ஒன்று செய்வோம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தார் வெட்டியதும் வாழைமரம் வரப்பிலேயே மக்கிப்போகிறது. அந்த மரத்தின் நாரைக் கார் கதவின் உள்தகட்டில் பிளாஸ்டிக்குக்கு வலுச் சேர்க்கப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக்குக்கு வலுச் சேர்க்க வழக்கமாகப் போடும் கண்ணாடி இழையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.5 கிராம், வாழை நாருக்கு 1.35 அளவுதான்.

20 செ.மீ. சதுரம், 3 மி.மீ. கனத்தில் ஒரு தகடு போதும். நார் 36 கிராம், பாலிபுரொப்பிலீன் 84 கிராம். ஃபைல் கவரிலோ டப்பாவிலோ முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். ஏறக்குறைய 165 டிகிரியில் உருகும். நாரோ 200 தாண்டினால் கருகத் தொடங்கும். அதனால் 220-ல் உருகும் நைலான் 6 என்ற பிளாஸ்டிக் இதற்குச் சரிப்படாது.

முதலில் நாரைக் கழுவ வேண்டும். பாதி வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் 1 லிட்டர் தண்ணீர், அதில் 50 கிராம் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெறிக்கும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகாது. ஒரு மணி நேரம் ஊறட்டும். நாரின் மேலுள்ள பசையும் மெழுகும் போய், மேற்பரப்பு சொரசொரப்பாகும். பிளாஸ்டிக் பிடிக்க அதுதான் இடம். வழவழப்பு போகும்வரை அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விடுங்கள்.

நிழலில் உலர்த்தியபின் 80 டிகிரி ஓவனில் வையுங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். இங்கே ஜூன் மழையில் வெளியே வைத்த நார் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; சூடாக்கி அழுத்தும்போது அந்த ஈரம் ஆவியாகித் தகட்டில் கொப்புளம் விடும்.

சரி, அழுத்துவோம். டி-ஷர்ட் பிரின்ட் போடும் ஹீட் பிரஸ் போதும். டெஃப்லான் ஷீட், அதன்மேல் 3 மி.மீ. இரும்புச் சட்டம். பிளாஸ்டிக், 2 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய நார் என்று மாறி மாறி மெல்லிசாகப் பரப்புங்கள். அடியிலும் மேலேயும் பிளாஸ்டிக் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, 185 டிகிரியில் அழுத்துங்கள். இந்த மெஷினில் மேல்தட்டு மட்டும் சூடாவதால் திருப்பிப்போட்டும் அழுத்த வேண்டும். அப்புறம் கனமான இரும்பின் அடியில் ஆறவிடுங்கள், இல்லையென்றால் வளையும்.

ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். முறிந்த இடத்தில் நார் நீளநீளமாக, சுத்தமாக உருவி நின்றால் ஒட்டவில்லை. குட்டையாக அறுந்திருந்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது. இன்னொரு துண்டை எடைபோட்டு ஒரு நாள் தண்ணீரில் வையுங்கள். எடுத்து மறுபடி எடைபோட்டால் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று தெரியும். வெட்டிய ஓரம் உப்பினால், அடுத்த தகட்டில் சட்டத்தை ஒட்டி அரை செ.மீ. அளவுக்கு நார் வைக்காமல் பிளாஸ்டிக்கை மட்டும் விடுங்கள்.