பேராயுதத்துக்குள் ஓட்டை வைப்பது எப்படி? (கதையில்தான்!)

என் முதல் அறிவியல் புனைகதையில் நாயகன் எதிரியின் விண்கலத்துக்குள் புகுந்து ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்துவான். கலம் வெடித்துச் சிதறும். சுபம். படித்துவிட்டு நண்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "கலத்தை வெடிக்க வைக்கிற பொத்தானை, கட்டினவனே எதுக்குடா வெச்சான்?" என்னிடம் பதில் இல்லை. கதை குப்பைக்குப் போனது.

1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தையும் இதே கேள்வி பல ஆண்டுகள் துரத்தியது. ஒரு கோளையே தூளாக்கும் டெத் ஸ்டார். அதன் மேல் 2 மீட்டர் அகலத்தில் ஒரு வெப்பப் போக்கி. அதற்குள் குண்டைச் சரியாக விட்டால் நேரே உலைக்குப் போய்ச் சேரும், மொத்தமும் காலி. இதை வடிவமைத்தவன் அவ்வளவு மடையனா என்று ரசிகர்கள் கிண்டலடித்துக்கொண்டே இருந்தார்கள். அதே வரிசையில் 2016இல் வந்த ரோக் ஒன் படம் பதில் சொன்னது: மடையன் இல்லை, கேலன் எர்சோ என்ற விஞ்ஞானி வேண்டுமென்றே செய்த உள்குத்து. இந்தக் கருவைச் சொன்னவர் முழுநேர எழுத்தாளர்கூட இல்லை. ஜான் நோல் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர்.

நாமும் ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

படி 1: ஓட்டைக்கு ஒரு நியாயம் கண்டுபிடியுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. கேலன் வைத்த பொறி அந்த 2 மீட்டர் துளை அல்ல, உலை. உள்ளே ஒரு வெடிப்பு நடந்தால் மொத்தமும் தொடராக வெடிக்கும்படி உலையைப் பலவீனமாக்கி வைத்திருந்தார். துளை அங்கே போவதற்கான வழி மட்டும்தான். அந்தத் துளையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விண்வெளியில் காற்றில்லை, சூடு தானாக ஆறாது. சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே அம்மோனியாவைச் சுற்றவிட்டு, பெரிய பெரிய பலகைகள் வழியாகத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறார்கள். அவ்வளவு பெரிய உலைக்குப் போக்கி இல்லாவிட்டால்தான் கேள்வி வரும்.

ஆக, உங்கள் ஓட்டையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி நேர்மையானது, எந்தக் கூட்டத்திலும் வாதாடி ஜெயிக்கலாம். மறுபாதி மட்டும் திருட்டு.

படி 2: பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

"அவன் கணினிக்குள் வைரஸை ஏற்றினான்" என்று எழுதித் தப்பிக்காதீர்கள். ஒரு பொருள் வேண்டும், எடையோடு.

நம் ஆயுதம், சுற்றுப்பாதையில் ஒரு ராட்சதக் கண்ணாடி. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் இப்படியொரு 'சூரியத் துப்பாக்கி' பற்றி யோசித்தார்கள் என்று 1945இல் செய்தி வந்தது. 8,200 கிலோமீட்டர் உயரத்தில் 9 சதுர கிலோமீட்டர் கண்ணாடி. (அந்த உயரத்திலிருந்து குவித்தால் சூரியனின் பிம்பம் தரையில் 70 கிலோமீட்டருக்கு மேல் பரவிவிடும், ஊரை எரிக்க முடியாது. அதனால் நம் கண்ணாடிக்கு லேசரை ஊட்டுவோம்.)

கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் கம்பிகள் சூட்டில் நீளக் கூடாது, நீண்டால் குவியம் கெடும். அதற்கென்றே இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவை இருக்கிறது. 1 மீட்டர் இன்வார் கம்பி 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் நீளும். 304 கிரேடு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பி என்றால் 1.7 மில்லிமீட்டர். பார்வைக்கும் எடைக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்வாருக்குப் பதில் 304ஐ மாற்றி வைத்துவிட்டால் முடிந்ததா? இல்லை. இன்வாரில் காந்தம் ஒட்டும், 304இல் ஒட்டாது என்றே சொல்லலாம். பழைய இரும்புக் கடைக்காரரே காந்தம் வைத்துப் பார்ப்பார், தரம் சோதிக்கும் க்யூ.சி.க்காரர் பார்க்க மாட்டாரா? உங்கள் பொறியாளர் கெட்டிக்காரி என்றால் எஸ்.எஸ்.ஸிலேயே 430 கிரேடை எடுப்பாள். அதில் காந்தம் ஒட்டும். 1 மில்லிமீட்டர்தான் நீளும், ஆனால் இன்வாரைப் போலப் பத்து மடங்கு. எடை மட்டும் ஒரு துளி குறைவு. அந்தத் துளியில்தான் உங்கள் கதையின் பதற்றம் இருக்கிறது.

சோதனையில் 40 விநாடிதான் சுடுவார்கள், கம்பி சூடேறாது. போரில் 10 நிமிடம்.

கணினிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழுவைப் பற்றிப் படியுங்கள். ஈரானின் நத்தான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளின் வேகத்தை அது குலைத்தது. அந்த நேரத்தில், முன்பே பதிந்துவைத்த இயல்பான அளவுகளைக் கண்காணிப்பவர்களுக்குத் திரும்ப ஓட்டிக் காட்டியது. இயந்திரத்தோடு அதைப் பார்க்கும் கண்ணையும் ஏமாற்றியதால்தான் அது நல்ல கதை.

படி 3: ஏன் ஓடிப்போகவில்லை?

டெத் ஸ்டாரைக் கட்டுகிறவர்கள் கேலனை வலுக்கட்டாயமாகத்தான் இழுத்துப் போகிறார்கள். மறுத்துச் செத்திருக்கலாம். தான் இல்லாவிட்டாலும் அவர்கள் அதைக் கட்டி முடிப்பார்கள் என்று அவருக்குப் புரிகிறது. அதனால் தன்னைத் தவிர்க்க முடியாத ஆளாக்கிக்கொள்கிறார். உங்கள் பாத்திரமும் நல்ல வேலைக்காரியாக இருக்க வேண்டும். சோம்பேறியின் கம்பியை எல்லோரும் இரண்டு தடவை பார்ப்பார்கள்.

சிரிப்புக் கதை எழுதுகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். 1944இல் நாசவேலைக்கென்றே ஒரு கையேடு போட்டது. எல்லாவற்றையும் கமிட்டிக்கு அனுப்பு, கமிட்டியில் 5 பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள் என்கிறது. அலுவலகம் போகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படி 4: வெளியே ஒருவருக்குத் தெரிய வேண்டும்

யாருக்கும் தெரியாத ஓட்டை வெறும் பழுது. கேலன் ஒரு விமானி மூலம் செய்தி அனுப்புகிறார். மகள் ஜின் அதைப் பார்க்கிறாள். ஆனால் பதிவு அழிந்துவிடுகிறது, கிளர்ச்சியாளர்களின் சபையில் அவள் வாய்வார்த்தை மட்டும்தான் சாட்சி. பாதிப் பேர் நம்பவில்லை. செய்தியைச் சேர்த்துவிடுங்கள், ஆதாரத்தைப் பிடுங்கிவிடுங்கள்.

படி 5: முதலில் எழுத வேண்டிய காட்சி

வெடிப்பு இல்லை, அது கடைசியில் தானாக வரும். க்யூ.சி. அறையில் தொடங்குங்கள். மேஜைமேல் கம்பி. க்யூ.சி.க்காரர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைக்கிறார், 'டக்'கென்று ஒட்டுகிறது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கிறார். பிறகு என்ன தோன்றியதோ, கம்பியை உள்ளங்கையில் வைத்து லேசாக ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்.