குழந்தையின் முகத்தில் தடிப்பா? எதையும் பூசும் முன் பார்க்க வேண்டியவை

கைக்குழந்தையின் கன்னத்தில் சிவப்பாகவோ பொரிபொரியாகவோ ஏதேனும் தென்பட்டதும் நம் வீடுகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கின்றன. ஒருவர் குழந்தையின் முகத்தில் எதையாவது பூசுகிறார். இன்னொருவர் தாயின் தட்டிலிருந்து எதையாவது எடுத்துவிடுகிறார். என் மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் இரு கன்னங்களும் சொரசொரப்பாகிச் சிவந்தபோது, ஒரே வாரத்தில் சோப்பை மாற்றினோம், எண்ணெயை மாற்றினோம், நான் மீனையும் கத்திரிக்காயையும் விட்டேன், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பையும் தடவினோம். நான்கு நாளில் கன்னம் தெளிந்தது. எதனால் தெளிந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. களிம்பு தீர்ந்த வாரமே முன்பைவிட மோசமாகச் சிவந்து, அவள் இரவெல்லாம் முகத்தை என் தோளில் தேய்த்துத் தேய்த்து அழுதாள்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், அதற்கும் முன்பு குழந்தையின் வயது, தடிப்பு இருக்கும் இடம், அது தோன்றிய நேரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான தடிப்புகளுக்கு ஒவ்வாமை காரணமே இல்லை. ஒவ்வாமையாக இருக்கும் சிலவற்றை இந்த மூன்று குறிப்புகளே பெருமளவுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

ஏதேனும் ஓர் உணவையோ மருந்தையோ கொடுத்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடலில் தடிப்புகள் எழும்பி, அவற்றோடு நாக்கு வீங்குவது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, மூச்சில் இழைப்பு, விடாத இருமல், அழுகுரல் கம்மிப்போவது, திடீரென்று வெளிறித் துவண்டுவிடுவது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. தடிப்பே இல்லாமல் மூச்சுத் திணறலோ துவண்டுபோவதோ மட்டும் வந்தாலும் அதே அவசரம்தான். உடனே 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக் குலுக்காமல் கிடத்தியபடியே வைத்திருங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அந்த நிலையில் குழந்தையைக் காப்பது தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. வீட்டில் இருக்கும் அலர்ஜி சிரப்பைக் கொடுத்துவிட்டு ‘அரை மணி நேரம் பார்க்கலாம்’ என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், தடிப்பு எவ்வளவு லேசாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். பிறந்த முதல் மாதத்தில் நீர்க் கொப்புளங்கள் வந்தாலும் அப்படியே. கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை அழுத்திப் பார்த்தும் மறையாத செம்புள்ளிகள் அல்லது ஊதாப் புள்ளிகள், அதிலும் காய்ச்சலோடு வருபவை, ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடத் தக்கவை அல்ல.

காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவற்றுக்குப் பின் காதோரத்தில் தொடங்கி முகத்துக்கும் உடலுக்கும் இறங்கும் தடிப்பு தட்டம்மையாக இருக்கலாம். இதற்கான தடுப்பூசியின் முதல் தவணை நம் அரசுத் திட்டத்தில் 9 மாதம் முடிந்தபின்தான் போடப்படுகிறது என்பதால், அதற்கு முந்தைய வயதில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அம்மை என்று சொல்லி வேப்பிலை கட்டுவது குடும்பத்தின் நம்பிக்கை. அதோடு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

வயது சொல்லும் செய்தி

பிறந்து இரண்டு மூன்று நாளில் முகத்திலும் மார்பிலும் சிவந்த திட்டுகள் தோன்றி, அவற்றின் நடுவே மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறு முனைகள் இருக்கும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது வருகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் சுவடே இல்லாமல் போய்விடுகிறது. இதற்குத்தான் செவ்வாப்பு என்றும் கிரந்தி என்றும் பெயரிட்டு, கல்லில் உரைத்த மருந்தை ஊட்டச் சொல்வார்கள். ஊட்ட வேண்டாம். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் அந்த வயிற்றுக்குள் போகத் தேவையில்லை. மூக்கின் மேல் ரவை போலத் தெரியும் வெண்புள்ளிகளும் தாமாகவே உதிர்ந்துவிடும். அவற்றைக் கிள்ளக் கூடாது.

இரண்டாம் வாரத்துக்குப் பின் கன்னத்திலும் நெற்றியிலும் வரும் சிறு பருக்கள் பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்துக்குள் மறையும். புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் உச்சந்தலையிலும் எண்ணெய்ப் பசையோடு மஞ்சள் பொருக்கு படிந்திருந்து, குழந்தை அரிப்பில்லாமல் நிம்மதியாக இருந்தால் அதுவும் ஒவ்வாமை அல்ல. சிறிது எண்ணெய் தடவி ஊறவிட்டு, மென்மையான சீப்பால் தளர்த்தி, தலைக்குக் குளிப்பாட்டினால் போதும். சித்திரை வெயிலில் கழுத்து மடிப்பிலும் நெற்றியிலும் வரும் வேர்க்குருவுக்குக் காற்றோட்டமும் பருத்திச் சட்டையும்தான் மருந்து. பவுடரைக் கொட்டுவதால் துளைகள் இன்னும் அடைபடும். அந்தத் தூள் குழந்தையின் மூச்சிலும் போகும்.

நான்கைந்து மாதத்தில் எச்சில் வழியத் தொடங்கியதும் வாயைச் சுற்றியும் முகவாயிலும் சிவப்பது உமிழ்நீரின் ஈரத்தால் வரும் எரிச்சல். தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுத்து, பால் கொடுப்பதற்கு முன்பும் தூங்க வைப்பதற்கு முன்பும் மெல்லிய படலமாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் சில நாளில் அடங்கும்.

கரப்பான் என்றால்

இரண்டு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் கன்னங்களில் தொடங்கி, அரிப்போடு, வந்து வந்து போகும் வறண்ட தடிப்பைத்தான் நாம் கரப்பான் என்கிறோம். மருத்துவர் எக்ஸிமா என்பார். குடும்பத்தில் ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ இருந்தால் இதற்கு வாய்ப்பு கூடுகிறது. கன்னம் முழுக்கச் சிவந்திருக்க மூக்கின் நுனி மட்டும் தெளிவாக இருப்பதும், அரையாடை மூடிய இடம் தப்பியிருப்பதும் இதன் அடையாளங்கள்.

மாநிறமும் கறுப்புமான நம் குழந்தைகளுக்கு இந்தச் சிவப்பு சிவப்பாகவே தெரிவதில்லை. சாம்பல் பூத்தது போலவோ, பழுப்பாகவோ, சற்று ஊதா கலந்தோ தெரியும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பல வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை என்பதால், அவற்றோடு ஒப்பிட்டு ‘இது இல்லை’ என்று முடிவுசெய்துவிடாதீர்கள். கண்ணைவிடக் கையை நம்பலாம். புறங்கையால் கன்னத்தை மெதுவாகத் தடவினால் ஆரோக்கியமான தோல் வழுவழுப்பாக இருக்கும். கரப்பான் படர்ந்த இடம் உப்புத்தாள் போல உரசும்.

அடிப்படைப் பராமரிப்பு ஒன்றுதான்: தோலுக்கு ஈரப்பசையைத் திருப்பித் தருவது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றிய கையோடு, தோலில் ஈரம் காய்வதற்குள், மணமில்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகத் தடவ வேண்டும். நாளுக்கு இரண்டு முறையாவது, தோல் தெளிந்த நாளிலும் விடாமல் செய்ய வேண்டும். தேங்காய் எண்ணெய் பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்கிறது. கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் காப்பைக் குலைக்கக்கூடியவை.

பயத்தமாவு, கடலைமாவு, பாலேடு, பாதாம் எண்ணெய் ஆகியவற்றை வெடித்த தோலில் தேய்ப்பதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். சொரசொரப்பு தோலை உரசுவது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: உடைந்த தோல் வழியே உள்ளே போகும் உணவுப் புரதத்தை உடல் எதிரியாகக் கருதப் பழகிவிடலாம், அதே புரதம் வாய் வழியே போனால் அதை ஏற்கப் பழகும் என்பதே ஒவ்வாமை மருத்துவத்தில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மஞ்சள், வசம்புக் கரி, சாம்பிராணிப் புகை ஆகியவையும் சில மாதங்கள் தள்ளியே இருக்கட்டும். தடிப்பின் மேல் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் அது கிருமித்தொற்று. அக்கி என்று காவி எழுதி மூடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அந்தக் களிம்பு. என் மகளுக்கு நாங்கள் தடவியது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமிக்கொல்லியும் ஒன்றாகக் கலந்தது என்பதைத் தோல் மருத்துவர் குழாயைத் திருப்பிப் படித்த பிறகுதான் அறிந்தோம். க்ளோபீட்டசால் போன்ற மிக வலிய ஸ்டீராய்டு குழந்தையின் முகத்தில் தொடர்ந்து பட்டால் தோல் மெலியும், நிறம் வெளுக்கும், நிறுத்தியதும் தடிப்பு பன்மடங்காகத் திரும்பும். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியைத் திருத்தியும், கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. இதனால் எல்லா ஸ்டீராய்டையும் அஞ்சி ஒதுக்குவதும் தவறு. மருத்துவர் குழந்தையின் முகத்தைப் பார்த்து, மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் போன்றதை இத்தனை நாள் தடவுங்கள் என்று எழுதித் தந்தால் தயங்காமல் தடவலாம். அரிப்பை அடக்காமல் விட்டால், சொறிந்து சொறிந்து தோல் இன்னும் உடைந்து, குழந்தையின் உறக்கமும் போய்விடும்.

உணவுதான் காரணமா?

உடனடி உணவு ஒவ்வாமைக்கு நேரம் மிக முக்கியம். உண்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்தில், கொசுக் கடித்தது போல வீங்கிய திட்டுகள் எழும்பி, இடம் மாறி, சில மணி நேரத்தில் அடங்கும். இதற்குக் காணாக்கடி என்று பெயர். நேற்று மதியம் கொடுத்த பருப்புக்கும் இன்று காலை தெரிந்த காணாக்கடிக்கும் முடிச்சுப் போட வேண்டாம். தக்காளி, ஆரஞ்சு, ரசம் பட்டு வாயோரம் மட்டும் சிவந்து அரை மணியில் மறைந்தால் அது பெரும்பாலும் புளிப்பால் வந்த எரிச்சலே. ஆனால் தாமதமாக வரும் வகையும் உண்டு: உண்ட ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் அடுக்கடுக்காக வாந்தி எடுத்துக் குழந்தை சோர்ந்துபோவது, மலத்தில் ரத்தம் தெரிவது. இவற்றில் முகத்தில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம்.

ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கும்போதே வரிசையைச் சரியாக வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி குறையும். நம் வீட்டுச் சத்துமாவு நல்ல உணவுதான். ஆனால் கேழ்வரகு, கோதுமை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், சோயா என்று பதினைந்து பொருள்களை வறுத்து அரைத்த மாவை முதல் உணவாகக் கொடுத்து அதில் தடிப்பு வந்தால், எதைக் குறைசொல்வது? முதலில் அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பருப்பு என்று தனித்தனியே பழக்குங்கள். முட்டை, வேர்க்கடலை, கோதுமை, தயிர், மீன், எள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில், குழந்தை நலமாக இருக்கும் ஒரு நாளின் காலை நேரத்தில், தேக்கரண்டி நுனியளவில் தொடங்குங்கள். நன்றாக வெந்த முட்டையை மசித்தும், வேர்க்கடலையை விழுதாக அரைத்துக் கஞ்சியில் கரைத்தும் கொடுக்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும் என்பதால் ஐந்து வயது வரை கூடாது. தேன் ஒரு வயது வரை கூடாது. அது ஒவ்வாமைக்காக அல்ல, பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோய்க்காக.

முட்டையும் கடலையும் எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது என்று முன்பு மருத்துவர்களே சொன்னார்கள். ஒவ்வாமை வர வாய்ப்பு கூடுதலான குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000இல் அப்படித்தான் அறிவுறுத்தியது. 2008இல் அதைக் கைவிட்டது. லண்டனில் நடந்து 2015இல் வெளியான லீப் ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளைச் சேர்த்து, 4 முதல் 11 மாத வயதிலேயே ஒரு குழுவுக்கு வேர்க்கடலை உணவைத் தொடங்கினார்கள். ஐந்து வயதில், தவிர்த்த குழுவைவிடத் தின்ற குழுவில் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்கள் முதலில் தோலில் சோதித்த பிறகே கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஓர் உணவு ஒவ்வாத குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். ஒத்துக்கொண்ட உணவை அதன்பின் நிறுத்திவிடாமல் வாரந்தோறும் கொடுத்து வாருங்கள்.

தாயின் பத்தியத்துக்கு வருவோம். கரப்பான் பண்டம் என்று சொல்லி மீன், கருவாடு, கத்திரிக்காய், முட்டை, பால் எல்லாவற்றையும் பிள்ளை பெற்ற உடம்புக்கு மறுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பாலூட்டும் தாய் முன்னெச்சரிக்கையாக எந்த உணவையும் விடத் தேவையில்லை. பசும்பால் புரதத்தின் மேல் மருத்துவருக்கே சந்தேகம் வந்தால், தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால் பொருள்களை நிறுத்திப் பார்த்து, பிறகு மீண்டும் உண்டு உறுதிசெய்வதுதான் முறை. மீண்டும் உண்டு பார்க்கும் அந்த இரண்டாம் பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் தேவையற்ற பத்தியம் மாதக்கணக்கில் நீளும். நிறுத்தும் காலத்தில் தாய்க்குக் கால்சியம் வேறு வழியில் கிடைக்க வேண்டும்.

நாற்பது ஐம்பது பொருள்களுக்கு ஒரே ரத்தத்தில் ஒவ்வாமை பார்க்கும் சோதனையை நீங்களாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டாம். அதில் ‘பாசிட்டிவ்’ என்று வருவது, உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். தின்றால் ஒவ்வாது என்று அதற்குப் பொருள் இல்லை. கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இப்படிப் பொய்யாகக் காட்டுவது சாதாரணம். நடந்த சம்பவத்தைக் கேட்டு, சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு உணவுக்கு மட்டும் சோதித்து, தேவையானால் மருத்துவமனையிலேயே சிறிது சிறிதாகத் தின்னக் கொடுத்துக் கண்காணித்து உறுதிசெய்வார்கள்.

மருத்துவரிடம் போகும்போது தடிப்பு மறைந்திருக்கக்கூடும். ஆகவே அது இருக்கும்போதே ஜன்னலோர வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், அருகில் ஒன்றும் முகம் முழுதும் தெரிய ஒன்றுமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் தோன்றியது, எப்போது அடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் இதுவரை தடவிய சோப்பு, எண்ணெய், பவுடர், களிம்பு எல்லாவற்றையும், காலியான குழாய் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பாட்டி ரகசியமாகத் தடவியது ஏதேனும் இருந்தால் அதையும் கோபமில்லாமல் கேட்டு வாங்கி அந்தப் பையிலேயே போட்டுவிடுங்கள்.